பிரஷர் வாஷரில் பிரஷர் வரவில்லையா? பம்பைக் கடைசியில் கழற்றுங்கள்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலை ஏழு மணிக்கு போன் வந்தது. "ஏனுங்கண்ணா, பம்பு போயிருச்சுங்க. வாசல்ல ஆறு லாரி நிக்குது, கன்னுல குழாய்த் தண்ணி மாதிரி ஊத்துது." நாமக்கல் பக்கம் வாட்டர் சர்வீஸ் நடத்தும் தம்பி. லாரி ஊரில் அந்தத் தொழிலுக்கு வருஷத்திலேயே பெரிய நாள் அது. ஸ்பேனர் பெட்டியும் ஒரு செட் பேக்கிங்கும் எடுத்துக்கொண்டு ஓடினேன். போன கையோடு, வால்வுகள் உட்கார்ந்திருக்கும் பம்பு ஹெட்டைக் கழற்றினேன். தண்ணீரைத் தள்ளும் தண்டுகளான மூன்று பிளஞ்சருக்கும், கசியாமல் அடைக்கும் பேக்கிங்கை மாற்றி, வால்வுகளைத் துடைத்து, பூட்டி முடிக்கப் பத்தரை ஆகிவிட்டது. ஓட்டிப் பார்த்தால் அதே சோகைத் தண்ணீர்.

வண்டி கழுவும் பையன் ஒருவன் தொட்டிக்குள் கையை விட்டு உறிஞ்சு ஹோஸைத் தூக்கினான். அடியில் இருந்த சல்லடை முழுக்கப் பாசி, பச்சைச் சாக்ஸ் மாட்டியதுபோல. "அண்ணா, இதனாலயா இருக்கும்?" என்று கேட்டான். தேய்த்துக் கழுவிப் போட்டதும் பிரஷர் வந்துவிட்டது. அன்று கூலி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வரிசை வைத்துக்கொண்டேன். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் அதை மீறுவதில்லை. வீட்டில் காரும் மொட்டை மாடியும் கழுவும் சின்ன மெஷினுக்கும், வாட்டர் சர்வீஸில் பெல்ட் போட்டு ஓடும் மூன்று பிளஞ்சர் பம்புக்கும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். இரண்டுக்கும் உள்ளே நடப்பது ஒன்றுதான்.

பிரஷர் எங்கே பிறக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பம்பு பிரஷரை உண்டாக்குவதில்லை. அது செய்வது ஒரே வேலை: ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு தண்ணீர் என்று கணக்காகத் தள்ளுவது. அந்தத் தண்ணீர் ஒரு சின்னத் துளை வழியே போயாக வேண்டும் என்னும்போதுதான் நெருக்கடி உண்டாகிறது. அந்த நெருக்கடிதான் பிரஷர். தோட்டத்து ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் சீறுகிறதே, அதே சங்கதிதான்.

ஆகவே பிரஷர் குறைந்தால் காரணம் மூன்று இடத்தில்தான் இருக்க முடியும். ஒன்று, தள்ளுவதற்குப் போதிய தண்ணீர் உள்ளே வரவில்லை. இரண்டு, வந்த தண்ணீர் கன் முனையில் உள்ள நாசிலுக்குப் போகாமல் வேறு வழியில் திரும்பிப் போகிறது. மூன்று, நாசில் துளை பெரிதாகிவிட்டது. நான்காவதாக ஒன்றைச் சேர்க்கலாம்: பம்பு சுற்ற வேண்டிய வேகத்தில் சுற்றவில்லை. ஆனால் அதுவும் 'போதிய தண்ணீர் தள்ளவில்லை' என்பதன் இன்னொரு முகம்தான்.

இதில் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. நாசில் மாறாமல் இருக்கும்போது, தண்ணீர் குறைவதைவிட வேகமாகப் பிரஷர் குறையும். மூன்று பிளஞ்சரில் ஒன்று வேலை செய்யாவிட்டால் தண்ணீர் மூன்றில் ஒரு பங்குதான் குறைகிறது, ஆனால் பிரஷர் பாதிக்கும் கீழே, ஏறக்குறைய 44 சதவீதத்துக்கு வந்துவிடும். 120 பார் (பார் என்பது பிரஷரை அளக்கும் அலகு) இருந்த இடத்தில் 53 பார். 'கொஞ்சம்தான் கோளாறு, இவ்வளவு ஏன் குறைகிறது' என்று பலர் குழம்புவது இதனால்தான்.

கை வைக்கும் முன்

மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயை மூடி, அதன் பிறகு டிரிகரை ஒருமுறை அழுத்தி விடுங்கள். அணைத்த பிறகும் ஹோஸுக்குள் பிரஷர் தங்கியிருக்கும். எந்த இணைப்பைக் கழற்றுவதற்கு முன்பும் இதைச் செய்யுங்கள். நாசில் முன்னால் விரலை வைத்து 'வருதா' என்று பார்க்கவே கூடாது. அந்தத் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். வெளியில் ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை நாசமாகியிருக்கும். அப்படி ஆனால் களிம்பு போட்டுக்கொண்டு வீட்டில் உட்காராமல் உடனே மருத்துவமனைக்குப் போய், பிரஷர் தண்ணீர் உள்ளே போனது என்றே சொல்லுங்கள். மின்சாரப் பக்கம், எர்த்தும், கரண்டு கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி.யும் இல்லாத இணைப்பில் ஈரக் கையோடு இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

பக்கெட்டும் கடிகாரமும்

பிரஷர் காட்டும் கேஜ் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஒரு பக்கெட்டும் போனில் உள்ள கடிகாரமும் போதும். இரண்டு முறை அளக்க வேண்டும்.

முதல் அளவு, உள்ளே வரும் தண்ணீர். மெஷினில் மாட்டும் அதே ஹோஸை மெஷினிலிருந்து கழற்றி, அதே குழாயில் வைத்தபடி, 10 லிட்டர் பக்கெட்டை நிரப்புங்கள். வீட்டு மெஷின்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5 முதல் 8 லிட்டர் தள்ளும். உங்கள் மெஷினின் அளவு அதன் பெயர்த்தகட்டில் இருக்கும். வரும் தண்ணீர் அதைப்போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. 6 லிட்டர் மெஷின் என்றால் 10 லிட்டர் பக்கெட் ஒரு நிமிடத்தில் நிரம்ப வேண்டும். ஒன்றரை நிமிடம் ஆனால் இழுபறி. இரண்டு நிமிடம் ஆனால், பம்பைத் தொடவே வேண்டாம், கோளாறு குழாயில்தான்.

இரண்டாவது அளவு, நாசில் வழியே வெளியே போகும் தண்ணீர். நாசில் மாட்டியபடியேதான் அளக்க வேண்டும். நாசிலைக் கழற்றிவிட்டு அளந்தால் நெருக்கடியே இருக்காது, தேய்ந்த பம்பும் நல்ல பம்பு மாதிரி நடிக்கும். ஆழமான கெட்டி டிரம்மில் முதலில் 5 லிட்டர் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விரிந்து வரும் நாசிலை மாட்டி, அந்தத் தண்ணீருக்குள் சரியாக ஒரு நிமிடம் அடியுங்கள். மெல்லிய பக்கெட்டில் நேராக அடித்தால் அடிப்பாகம் ஓட்டையாகிவிடும், அதனால்தான் இந்தத் தண்ணீர் மெத்தை. பிறகு கூடியது எத்தனை லிட்டர் என்று அளங்கள்.

பெயர்த்தகட்டில் உள்ள அளவுக்கு ஏறக்குறைய வந்துவிட்டது, ஆனால் அடிக்கும் தண்ணீரில் வேகம் இல்லை என்றால் பம்பு நன்றாக இருக்கிறது. நாசிலைப் பாருங்கள். அளவும் குறைவு, அடி சீராகவும் வருகிறது என்றால் உள்ளே வரும் தண்ணீர், திரும்பிப் போகும் வழி, பெல்ட் ஆகிய மூன்றில் ஒன்று. அளவு குறைவு, அதோடு கன் கையில் விட்டு விட்டு உதறுகிறது என்றால் காற்று எடுக்கிறது, அல்லது ஒரு வால்வு சிக்கியிருக்கிறது. இந்த மூன்று பிரிவில் உங்கள் மெஷின் எதில் விழுகிறது என்று தெரிந்துவிட்டால் அப்புறம் தேடல் சுலபம்.

ஒரு விஷயம். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் பார் கணக்கு உச்ச அளவு. வேலை நேரத்துப் பிரஷர் அதற்குக் கீழேதான் இருக்கும், அது பெயர்த்தகட்டில் தனியாக இருக்கும். பெட்டியைப் பார்த்து ஏமாந்துவிட்டு மெஷின் மேல் பழி போடுகிறவர்களும் உண்டு.

நாசில்: முதல் சந்தேகம்

நாசில் துளை தேய்வது கண்ணுக்குத் தெரியாது. வீட்டு மெஷினில் துளை 1 மி.மீ. அளவில்தான் இருக்கும். அது தேய்ந்து 1.1 மி.மீ. ஆனால் பிரஷர் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 120 பார் வெறும் 82 பார் ஆகும். மணலும் உப்பும் கலந்த போர் தண்ணீர் ஓடும் இடங்களில் இந்தத் தேய்மானம் வேகமாக நடக்கும். பழைய நாசிலையும் புதிய நாசிலையும் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. புதியதை மாட்டி அடித்துப் பார்ப்பதுதான் சோதனை. பெட்டியில் ஒரு புது நாசில் எப்போதும் வைத்திருங்கள். பம்பு பேக்கிங் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

வாட்டர் சர்வீஸ் கன்னில் முனைக்குள் துளையுள்ள ஒரு சின்ன வில்லை இருக்கும். அதைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவமாகத் தெரிந்தாலோ, விளிம்பு பிசிறடித்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். பெரிய துளை வில்லையை யாராவது மாட்டியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். 'தண்ணி நிறைய வரட்டும்' என்று பெரிதாகப் போட்டுவிட்டு, அடுத்த வாரம் பிரஷர் இல்லை என்று கூப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நிறம் வைத்து வரும் நாசில்களில் சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40. கறுப்பு சோப்புக்கு. அதில் துளையே பெரிது, பிரஷர் வராது, வரவும் கூடாது. கறுப்பை மாட்டிவிட்டுப் பம்பைத் திட்டாதீர்கள். முனையைத் திருகி மாற்றும் வகையில் ஒரு பக்கம் சோப்பு நிலை, மறுபக்கம் அடி நிலை. குழந்தைகள் விளையாடித் திருகியிருப்பார்கள்.

துளை அடைபட்டிருந்தால் கதை தலைகீழ். மோட்டார் திணறும், தண்ணீர் பிய்ந்து ஒரு பக்கமாகச் சாயும், கேஜ் இருந்தால் அதில் பிரஷர் அதிகமாகவே காட்டும். உடன் வரும் மெல்லிய ஊசியால் குத்தி, எதிர்ப்பக்கமிருந்து தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். குண்டூசி, ஆணி, பின் எதையும் துளைக்குள் விட்டு நோண்டக் கூடாது. துளை பெரிதானால் மேலே சொன்ன கதைதான்.

தண்ணீர் வரும் வழி

மொட்டை மாடித் தொட்டியிலிருந்து மெஷினுக்குத் தண்ணீர் எடுப்பவர்கள் கவனிக்க: 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார். உங்கள் தொட்டி 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.4 பார் மட்டும். பல வீட்டு மெஷின்களின் கையேடு குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்று சொல்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு 15 மீட்டர் நீள அரை இஞ்சு ஹோஸில் நிமிடத்துக்கு 8 லிட்டர் ஓடினால் சுமார் 2 மீட்டர் உயரத்துக்கான அழுத்தம் உராய்விலேயே போய்விடும். கையில் மிஞ்சுவது பாதி. ஹோஸைச் சுருக்குங்கள், அல்லது முக்கால் இஞ்சு போடுங்கள். நடுவில் உள்ள பாதி திறந்த வால்வு, மடிந்த ஹோஸ், உள் துளை சின்னதான பிளாஸ்டிக் கப்ளிங் இவை மூன்றும் ரகசியத் திருடர்கள்.

மெஷினின் உள்ளே நுழையும் இடத்தில் விரல் நுனி அளவு ஒரு சல்லடை இருக்கும். பலருக்கு அது இருப்பதே தெரியாது. கப்ளிங்கைத் திருகி எடுத்து, இடுக்கியால் மெல்ல இழுத்தால் வரும். பல் தேய்க்கும் பழைய பிரஷ்ஷால் கழுவிப் போடுங்கள். அது கிழிந்திருந்தால், 'சரி, இல்லாமலே ஓடட்டும்' என்று விடாதீர்கள். அடுத்து மணல் போகும் இடம் வால்வு.

தொட்டியிலிருந்து உறிஞ்சும் வாட்டர் சர்வீஸ் பம்பில் என் கதையின் பாடம்தான்: அடிச் சல்லடையைத் தூக்கிப் பாருங்கள். சல்லடை தொட்டித் தரையில் உட்காராமல் அரை அடி மேலே தொங்க வேண்டும், சேறு வராது. உறிஞ்சு ஹோஸ் பழசாகி மென்மையானால் ஓடும்போது உள்ளுக்குள் ஒட்டிக்கொள்ளும். நிறுத்தினால் மறுபடி உப்பிக்கொள்வதால் வெளியில் கோளாறே தெரியாது. ஓடும்போதே கையால் தடவிப் பார்த்தால் தட்டையாகியிருக்கும். சுருள் கம்பி போட்ட உறிஞ்சு ஹோஸ்தான் இதற்குப் போட வேண்டும்.

காற்று

காற்றுக் கோளாறின் சத்தத்தை ஒருமுறை கேட்டால் மறக்க மாட்டீர்கள். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டியதுபோல இருக்கும். ஹோஸ் தரையில் கிடந்து துடிக்கும். அடி வந்து வந்து போகும். இதை ஓடவிடுவது பம்புக்கு நல்லதில்லை, உள்ளே பித்தளை அரித்துப்போகும்.

வேலை ஆரம்பிக்கும்போது மட்டும் இப்படி இருந்தால் சிக்கியிருக்கும் காற்றை வெளியேற்றினால் போதும். நாசிலையும் குழலையும் கழற்றிவிட்டு, குழாயைத் திறந்து, மோட்டாரைப் போடாமல், டிரிகரை மட்டும் அழுத்திப் பிடியுங்கள். தண்ணீர் குமிழி இல்லாமல் ஒரே கயிறாக வரும் வரை பொறுமையாக இருங்கள். அப்புறம் மோட்டாரைப் போட்டு அரை நிமிடம் ஓட்டி, நிறுத்தி, நாசிலை மாட்டுங்கள். பக்கெட்டிலிருந்து உறிஞ்சும் வீட்டு மெஷினுக்கு உறிஞ்சு ஹோஸில் முதலிலேயே தண்ணீர் நிரப்பி மாட்ட வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே இப்படி என்றால் எங்கோ காற்று நுழைகிறது. உறிஞ்சும் பக்கத்து ஓட்டை தண்ணீர் சொட்டாது, அதுதான் ஏமாற்று வேலை. உள்ளே இழுவை இருப்பதால் காற்றுதான் நுழையும். இதைக் கண்டுபிடிக்க நான் செய்வது: பம்புக்குச் சற்று முன்னால் ஒரு அடி நீளத்துக்குக் கண்ணாடி போன்ற நைலான் ஹோஸ் துண்டைப் போட்டுவிடுவேன். குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் கெட்டிக் கிரீஸ் அப்பிக்கொண்டே போவேன். எந்த இடத்தில் அப்பியதும் குமிழி நிற்கிறதோ அங்குள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமோ வாஷரோதான் குற்றவாளி. ஓ-ரிங்கை மாற்றுங்கள், டெஃப்லான் டேப் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம். டேப் மரையுள்ள இணைப்புக்கு, ஓ-ரிங் உட்காரும் இடத்துக்கு இல்லை.

சோப்புக் குழாயை மறந்துவிடாதீர்கள். உறிஞ்சும் பக்கத்தில் சோப்பு எடுக்கும் பம்புகளில், டப்பா காலியாக இருந்து திருகு திறந்திருந்தால் அதன் வழியே காற்று தாராளமாகப் போகும். திருகை மூடுங்கள். மூடியும் நிற்கவில்லையா, குழாய் முனையைத் தண்ணீருக்குள் போட்டுப் பாருங்கள். உதறல் நின்றால் அங்குள்ள சின்ன உருண்டை வால்வு சரியாக உட்காரவில்லை.

பெல்ட், வேகம், கரண்டு

பெல்ட் பம்புகளில் இதைப் பார்க்காமல் உள்ளே போகக் கூடாது. இரண்டு புல்லிக்கும் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை இஞ்சு அளவு இறங்க வேண்டும். அதற்கு மேல் தொய்ந்தால் சுமை ஏறும்போது வழுக்கும். வழுக்கும் பெல்ட் எரிந்த ரப்பர் வாசனை விடும், புல்லிப் பள்ளம் கண்ணாடிபோலப் பளபளக்கும். 10 சதவீதம் வேகம் குறைந்தால் பிரஷர் 19 சதவீதம் குறையும். மோட்டார் மாற்றிய பிறகுதான் கோளாறு ஆரம்பித்தது என்றால் புல்லியை அளங்கள். நிமிடத்துக்கு 1440 சுற்று சுற்றும் மோட்டாரை வைத்துப் பம்பை அதன் தகட்டில் சொன்ன சுற்றுக்குக் கொண்டுவரும் அளவில் புல்லி இருக்க வேண்டும். கடையில் கிடைத்ததை மாட்டிய புல்லி பாதி வேகத்தில் ஓடவைக்கும்.

வீட்டு மெஷினில் நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரைத் தவிர்க்கவும். கார்பன் பிரஷ் உள்ள மோட்டார்கள் வோல்டேஜ் குறைந்தால் வேகமும் குறைந்துவிடும். மோட்டார் முனகிக்கொண்டு தயங்கித் தயங்கிக் கிளம்பினால் கண்டன்சர் சந்தேகம். அது எலக்ட்ரீஷியன் வேலை.

திரும்பிப் போகும் தண்ணீர்

டிரிகரை விட்டதும் தண்ணீருக்குப் போக இடம் வேண்டும். இல்லாவிட்டால் ஹோஸ் வெடிக்கும். அதற்காக இருப்பது அன்லோடர், வாட்டர் சர்வீஸ் பாஷையில் ரெகுலேட்டர். கன் மூடியிருக்கும்போது தண்ணீரைத் திருப்பி அனுப்புவதும், கன் திறந்ததும் அந்த வழியை அடைப்பதும் அதன் வேலை. அடைக்காமல் பாதி திறந்தபடி சிக்கிக்கொண்டால் பம்பு முழுமூச்சாகத் தள்ளினாலும் தண்ணீர் வட்டமடித்துக்கொண்டே இருக்கும்.

பெல்ட் பம்பில் இதைச் சோதிப்பது மிகச் சுலபம். ரிட்டன் ஹோஸின் வாயைத் தொட்டிக்கு வெளியே எடுத்து, ஒருவர் கன்னை அழுத்திப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பாருங்கள். கன் திறந்திருக்கும்போது ரிட்டனில் சொட்டுச் சொட்டாக வந்தால் பரவாயில்லை. குழாய்போல் கொட்டினால் ஒன்று ரெகுலேட்டர் தளர்வாக வைக்கப்பட்டிருக்கிறது, இல்லையேல் உள்ளே வால்வும் அது உட்காரும் இருக்கையும் தேய்ந்திருக்கின்றன. முதலில் லீவர் பிரஷர் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள், பலமுறை அதுதான். பிறகு திருகைக் கால் சுற்று மட்டும் இறுக்கி கேஜைப் பாருங்கள். ஏறினால் சரி. ஏறாவிட்டால் மேலும் மேலும் இறுக்காமல் கழற்றி, இருக்கையில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

தேய்ந்த நாசிலை ஈடுகட்ட ரெகுலேட்டரை இறுக்கும் பழக்கம் பல கடைகளில் உண்டு. எனக்கு இதைப் பார்த்தாலே கோபம் வரும். நாசில் தேய்ந்தபோது இறுக்கியதைப் புது நாசில் போட்டபின் தளர்த்த மறந்துவிடுவார்கள். கன்னை மூடிய நொடியில் பிரஷர் எகிறி ஹோஸோ ஹெட்டோ போய்விடும்.

வீட்டு மெஷின்களில் டிரிகரை விட்டால் மோட்டாரே நின்றுவிடும். கன்னைத் தொடாமலேயே மோட்டார் தானாக ஒரு நொடி ஓடி ஓடி நின்றால் ஹோஸ், கன், அல்லது பம்பின் வெளியேறும் பக்கத்து வால்வு எங்கோ கசிகிறது. முதலில் கன்னின் நுனியில் சொட்டுகிறதா பாருங்கள். அது இல்லையென்றால் ஹோஸ் பம்பில் மாட்டும் இடத்து ஓ-ரிங்.

மோட்டார் நிற்காத வகை மெஷினில் கன்னை மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். அதே தண்ணீர் சுற்றிச் சுற்றிச் சூடாகும். சில பம்புகளில் சூடு ஏறினால் தண்ணீரைத் திறந்துவிடும் சின்ன வால்வு ஒன்று இருக்கும். அது ஒருமுறை திறந்து, மண் சிக்கி மூடாமல் போனால், பம்பின் அடியில் ஒரு மூலையில் ஓயாமல் சொட்டும். பிரஷரும் குறையும்.

இப்போது ஹெட்டைத் திறக்கலாம்

இதுவரை வந்தும் கோளாறு போகவில்லை என்றால்தான் ஸ்பேனர். மூன்று பிளஞ்சர் பம்பில் உறிஞ்சும் வால்வு மூன்று, தள்ளும் வால்வு மூன்று. மொத்தம் ஆறு மூடிகள் இருக்கும், அல்லது சில வகைகளில் ஹெட்டைக் கழற்றினால் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு மூடியாகத் திறந்து போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எது எந்தக் குழியிலிருந்து வந்ததோ அங்கேயே போக வேண்டும். முட்டைத் தட்டில் வரிசையாக வைப்பேன், கலப்பதற்கு வழியே இல்லை.

வால்வைக் கையில் எடுத்து ஒரு தீக்குச்சி முனையால் அழுத்துங்கள். சட்டென்று இறங்கி, விட்டதும் சட்டென்று ஏற வேண்டும். தயங்கினால் ஸ்பிரிங் அல்லது படிவு. வாயால் ஊதினால் ஒரு பக்கம் காற்று போக வேண்டும், மறுபக்கம் போகக் கூடாது. ஆறு மாதம் ஓடாமல் கிடந்த மெஷினில் வால்வு உப்பு பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும். வினிகரில் அரைமணி நேரம் ஊறவைத்து நல்ல தண்ணீரில் அலசினால் வந்துவிடும். பாத்ரூம் கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம், அலுமினிய ஹெட்டை அது தின்றுவிடும். வால்வின் அடியில் உள்ள ஓ-ரிங் தட்டையாகியிருந்தால் அதன் பக்கவாட்டில் தண்ணீர் நழுவும், வால்வு நன்றாக இருந்தும் பிரஷர் வராது.

அடுத்து பேக்கிங். ஹெட்டுக்கும் ஆயில் பெட்டிக்கும் நடுவில், அடிப்பக்கத்தில் தண்ணீர் ஓடும் கறை இருந்தால் தண்ணீர்ப் பக்கத்து சீல் போய்விட்டது. ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் அந்தத் தண்ணீர் உள்ளேயும் போய்விட்டது. ஆயில் சீலையும் சேர்த்து மாற்றி, ஆயிலைக் கொட்டி, புது ஆயில் ஊற்றிச் சற்று ஓட்டி, மறுபடி ஒருமுறை மாற்றுங்கள். என்ன ஆயில் என்பதைப் பம்பின் கையேட்டைப் பார்த்து ஊற்றுங்கள். கையில் இருப்பதை ஊற்ற வேண்டாம்.

பேக்கிங் மாற்றும் முன் பிளஞ்சரை நகத்தால் தடவுங்கள். கோடு நகத்தில் சிக்கினால் புதுப் பேக்கிங்கும் சில வாரத்தில் போய்விடும். பிளஞ்சரையும் சேர்த்து மாற்றத்தான் வேண்டும். 'வி' வடிவப் பேக்கிங்கில் வாய் திறந்த பக்கம் தண்ணீரைப் பார்க்க வேண்டும். தண்ணீரின் அழுத்தமே அந்த உதட்டை விரித்து அடைக்கும். தலைகீழாகப் போட்டால் புது செட் போட்டும் பிரஷர் சொட்டும் வராது. தொழில் கற்ற காலத்தில் நானே செய்திருக்கிறேன், இரண்டு முறை. ஹெட் போல்ட்டுகளை ஒரே பக்கமாக முறுக்காமல் எதிர் எதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கிரீஸ் கப் உள்ள பம்புகளில் வேலை நடக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கப்பை இரண்டு சுற்று திருகிவிட்டால் பேக்கிங் ஆயுள் நீளும்.

ஹெட்டில் முடி போன்ற விரிசல் தெரிந்தால் வெல்டிங், எம்-சீல் எதையும் நம்ப வேண்டாம். வீட்டு மெஷினில் அலுமினிய ஹெட் உடைந்தால், புது ஹெட்டின் விலையையும் புது மெஷினின் விலையையும் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பெல்ட் பம்புக்கு உதிரிப் பாகம் தாராளமாகக் கிடைக்கும், அதைத் தூக்கிப் போட அவசியமே இல்லை.

பூட்டிய பிறகு

ரெகுலேட்டரை முழுக்கத் தளர்த்தி, காற்றை வெளியேற்றி, கன்னைத் திறந்தபடி ஓட்டி, அதன் பிறகு மெல்ல மெல்ல இறுக்கிக்கொண்டே வாருங்கள். பிரஷர் வேலை அளவை எட்டியதும் நிறுத்துங்கள். பிறகு பக்கெட் அளவு இரண்டையும் மறுபடி எடுங்கள்.

அந்த வாட்டர் சர்வீஸ் சுவரில் இப்போது பெயின்டால் மூன்று வரி எழுதியிருக்கிறது: நல்ல நிலையில் கேஜ் எவ்வளவு காட்டுகிறது, ஒரு நிமிடத்தில் டிரம்மில் எத்தனை லிட்டர், நாசில் மாற்றிய தேதி. நான்காவது வரியை அந்தப் பையனே சேர்த்திருக்கிறான், கரித்துண்டால்: 'சல்லடை பாரு'.